கோட்ணீஸ்: ஒரு கோட்டை எழுத்தரின் சீனப் பெயர்

புணேயின் பழைய பேட்டைகளில் நடப்பவர்களுக்கு வாசற்பலகைகளைப் படிக்கும் பழக்கம் தானாக வந்துவிடும். பகல் ஒன்று முதல் நான்கு மணி வரை அழைப்பு மணியைத் தொடாதீர்கள், வாசலை அடைத்து வண்டி நிறுத்தினால் சக்கரத்தில் காற்று இருக்காது என்றெல்லாம் கண்டிப்பும் குறும்பும் கலந்து எழுதி மாட்டுவது அவ்வூர்க்காரர்களின் தனிக்கலை. ‘புணேரி பாட்யா’ என்று அதற்குப் பெயரும் உண்டு. சொல்லாராய்ச்சியில் விருப்பமுள்ளவர்களுக்கு அந்த எச்சரிக்கையைவிட அதற்கு மேலே இருக்கும் வீட்டுக்காரரின் பெயர் சுவையானது. சிட்ணீஸ், ஃபட்ணீஸ், பாரஸ்நீஸ், சப்நீஸ், போத்நீஸ், கார்கானீஸ், கோட்ணீஸ். இவை மராத்தியக் குடும்பப் பெயர்கள். எல்லாம் ஒரே வாலோடு முடிகின்றன.

அந்த வால் பாரசீகம். ‘நவிஷ்தன்’ என்றால் எழுதுதல். அதிலிருந்து வந்த ‘நவீஸ்’ என்பது எழுதுபவர். மராத்தியர் நாவில் தேய்ந்து ‘நீஸ்’ ஆயிற்று. தேயாத வடிவமும் இருக்கிறது. மகாராஷ்டிர முதலமைச்சர் பெயரைத் தமிழ் நாளேடுகள் ‘பட்னாவிஸ்’ என்று அச்சிடுகின்றனவே, அதில் நவீஸ் முழுசாக நிற்கிறது. ‘ஃபர்த்’ என்னும் தாளை, கணக்குப் பட்டியலை எழுதுபவர் ஃபட்ணவீஸ். சிட்டி, அதாவது கடிதம் எழுதுபவர் சிட்ணீஸ். பட்டா, சிட்டா என்று நம் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்குகிறோமே, அந்தச் சிட்டா இந்தச் சிட்டிக்கு உறவு. பாரசீகத்தில் ஓலை தீட்டுபவர் பாரஸ்நீஸ். அரசின் கார்கானாக்களுக்குக் கணக்கு வைத்தவர் கார்கானீஸ். அகமத்நகர், பீஜப்பூர் சுல்தான்களின் அலுவலகங்களில் மராத்தி எழுத்தர்கள் பார்த்த வேலைகள்தாம் இவை. வேலை போன பிறகும் பெயர் போகவில்லை.

சில இடங்களில் வேலையின் பெயர் ஆளின் பெயரையே விழுங்கியது. பேஷ்வாக்களின் புணேயை ஆட்டிவைத்த நானா ஃபட்ணவீஸின் (1742–1800) இயற்பெயர் பாலாஜி ஜனார்தன் பானு. பானு என்னும் குடும்பப் பெயரை இன்று ஆராய்ச்சியாளர்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். சனிவார் வாடாவுக்கு அருகே அவர் கட்டிய மாளிகை ‘நானா வாடா’. ஊர் அவரை உறவுப் பெயராலும் வேலைப் பெயராலும் மட்டுமே அறியும். நம்மூரில் கணக்கப்பிள்ளை வீடு, மணியக்காரர் வீடு என்று சொல்லிச்சொல்லி அந்த வீட்டுக்காரரின் பெயர் ஊருக்கே மறந்துபோவதும் இதே கதைதான்.

இந்தப் பாரசீக வாலை வெட்ட ஒருவர் முயன்றார். சாதாரண ஆளில்லை, சிவாஜி. 1674-இல் ராய்கட்டில் முடிசூட்டிக்கொண்டவர், ஆட்சியில் புழங்கிய பாரசீக, அரபுச் சொற்களுக்கு ஈடாக வடசொற்களைத் திரட்டச் செய்தார். ‘ராஜ்யவியவகார கோசம்’ என்பது அந்த அகராதியின் பெயர். அப்பணியை ஏற்ற ரகுநாத பண்டிதர், தஞ்சை வெங்கோஜியிடம் அமைச்சராக இருந்த ரகுநாத நாராயண ஹணமந்தேதான் என்பர். சுர்நீஸ் சசிவர் ஆனார். வாக்நீஸ் மந்திரி ஆனார். அரசவையில் பெயர் மாறியது. வீட்டு வாசலில் மாறவில்லை. வாள் பிடித்தவர் சொல்லியும் கேட்காத பெயர்கள் இவை. தஞ்சைக்கும் வந்தன. பெரிய கோயிலில் 1803-இல் வெட்டப்பட்ட போன்சலே வம்ச வரலாற்றுக் கல்வெட்டை மராத்தியில் எழுதித் தந்தவர் இரண்டாம் சரபோஜியின் சிட்ணீஸாக இருந்த பாபுராயர்.

இந்த வரிசையில் கோட்ணீஸை மட்டும் தனியே எடுத்துப் பார்க்கலாம். காரணம், இந்தப் பெயர் போன தூரம் மற்ற எந்த நீஸும் போகாத தூரம்.

முதலில் எழுத்து. தமிழில் பெரும்பாலும் ‘கோட்னிஸ்’ என்று எழுதுகிறோம். ஆங்கிலம் வழியாக வந்ததன் விளைவு அது. இந்திக்காரர்களும் ‘ன’ போட்டே எழுதுகிறார்கள். மராத்தியில் அது டண்ணகர ணகரம், நெடில்: கோட்ணீஸ். பாரஸ்நீஸ், சப்நீஸ் ஆகியவற்றில் நுனிநா நகரம் அப்படியே இருக்க, சிட்ணீஸ், ஃபட்ணீஸ், கோட்ணீஸ் மூன்றிலும் மட்டும் ஏன் ணகரம்? முன்னால் டகரம் நிற்பதால். கண்ணும் நீரும் சேர்ந்து கண்ணீர் ஆவதைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தக் கட்டுரையில் மராத்தியர் சொல்கிறபடியே எழுதுகிறேன்.

இனி ‘கோட்’. தானியக் களஞ்சியத்தை மராத்தியில் ‘கோட்டி’ என்பர். களஞ்சியக் கணக்கரே கோட்ணீஸ் என்று ஒருவர் சொல்ல இடமுண்டு. ஆனால் களஞ்சியத்தில் வருவது மூச்சோடு ஒலிக்கும் டகரம். நம் பெயரில் இருப்பது மூச்சில்லா டகரம். அந்த வேறுபாட்டை மராத்தியர் எளிதில் விடமாட்டார்கள். ஆகவே ‘கோட்’ என்பதைக் கோட்டை என்று கொள்வதே பொருத்தம். கோட்டையின் எழுத்தர். மலைமேல் இருப்பதை ‘கட்’ என்றும் சமவெளியில் இருப்பதை ‘புயிகோட்’ என்றும் மராத்தியர் பிரித்துச் சொல்வார்கள். சிங்ககட் முதல் வகை. புணேக்கு வடக்கே சாகணில் இருப்பது இரண்டாம் வகை. சோலாப்பூரின் நடுவே நிற்கும் பெரிய கோட்டையும் புயிகோட்தான்.

கோட்டை நமக்கு வேற்றுச் சொல்லா? புதுக்கோட்டையும் செங்கோட்டையும் பட்டுக்கோட்டையும் வைத்திருக்கிறோம். வடக்கே ராஜ்கோட், பட்டான்கோட், எல்லை தாண்டி சியால்கோட். வடமொழியின் ‘கோட்ட’ திராவிட மொழிகளிலிருந்து போனது என்பது பர்ரோ, எமனோ போன்றோர் கருத்து. வளைதல், சூழ்தல் என்னும் பொருளுள்ள ‘கோடு’ என்னும் வேர் தமிழில் உயிரோடு இருப்பதால் அக்கருத்தை ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆக, தலை திராவிடம், வால் பாரசீகம், உடல் மராத்தி என்று ஒரு பெயர். இந்தப் பெயரோடு 1910 அக்டோபர் 10 அன்று சோலாப்பூரில் ஒரு பிள்ளை பிறந்தது. த்வாரகாநாத் சாந்தாராம் கோட்ணீஸ்.

பம்பாயில் சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் படித்தார். 1937-இல் ஜப்பான் சீனாவுக்குள் புகுந்தது. சீனத் தளபதி சூ தே, மருத்துவர்களும் மருந்தும் வேண்டும் என்று நேருவுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் நாட்டுமக்களிடம் நிதி கேட்டார். ஐந்து மருத்துவர்கள் புறப்பட்டார்கள்: அலகாபாத்தின் அடல், நாகபுரியின் சோல்கர், கல்கத்தாவின் பாசு, முகர்ஜி, சோலாப்பூரின் கோட்ணீஸ். 1938 செப்டம்பர் முதல் நாள் ‘ராஜபுதானா’ என்னும் கப்பல் பம்பாயை விட்டது. அடிமை நாடொன்று தன் கையில் இல்லாத காசைத் திரட்டி இன்னொரு நாட்டின் காயத்துக்குக் கட்டுப்போட ஆள் அனுப்பியது என்பதை இன்று நினைத்தாலும் வியப்புத்தான். குவாங்சோவில் அவர்களை வரவேற்றவர்களில் சுன் யாட்-சென்னின் மனைவி சூங் சிங்லிங்கும் ஒருவர்.

அங்கே பெயர்கள் மாறின. சீன எழுத்தில் வெளிநாட்டுப் பெயரை ஒலிக்காக எழுத வேண்டும். ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் பொருளும் இருக்கும். ஒலியும் பொருளும் சேரத் தேர்ந்தெடுப்பது தனி நுட்பம். கனடாவிலிருந்து வந்து அதே போர்முனையில் உழைத்த மருத்துவர் நார்மன் பெத்யூனைச் சீனர் ‘பாய் சியுஎன்’ என்கிறார்கள். எழுத்தெழுத்தாகப் பார்த்தால் வெண்மை, நாடுதல், அருள். இந்திய மருத்துவர் ஐவருக்கும் பெயரின் ஈற்றில் ‘ஹுவா’ சேர்த்தார்கள். ஹுவா என்பது சீன நாடு. அடல், ‘ஐ தெஹுவா’ ஆனார். எட்வர்டு என்ற ஆங்கிலப் பெயரைச் சீனர் எழுதுவதும் இதே மூன்று எழுத்துகளில்தான். காகிதத்தில் மட்டும் பார்த்தவர்கள் வெள்ளைக்காரர் வருகிறார் என்று நினைத்தாலும் குற்றமில்லை. பாசு, ‘பா சுஹுவா’. சோல்கர், ‘ஜுவோ கெஹுவா’. கோட்ணீஸ், ‘கெ திஹுவா’.

இந்தக் கடைசிப் பெயரில் சற்று நிற்க வேண்டும். ‘கோ-ட்’ என்பதே ‘கெ-தி’ ஆகியிருக்கிறது. அதாவது சுல்தான் காலத்து எழுத்தர், சிவாஜி வெட்டியும் விழாதவர், சீன எல்லையில் சத்தமில்லாமல் உதிர்ந்தார். கோட்டை மட்டும் உள்ளே போனது. உதிர்ந்த நீஸின் இடத்தில் சீன நாடு வந்து உட்கார்ந்தது.

எழுத்துகளின் பொருளைப் பார்த்தால் இன்னும் ஆழம். ‘கெ’ என்பது கோடரிக் காம்பு. அது பழைய சீனக் குடும்பப் பெயரும்கூட. ‘தி’ என்பது கொத்தாகப் பூக்கும் ஒரு செடி. ‘ஹுவா’ என்ற எழுத்துக்குப் பழஞ்சீனத்தில் பூ என்றும் பொருள். சீனரின் தொன்மையான பாடல் தொகுப்பான ‘ஷிஜிங்’கை, ‘பயணி’ என்பவரின் தமிழாக்கத்தின் வழி ‘கவித்தொகை’ என்று அறிவோம். அதில் இந்தத் தி செடியின் பூவில் தொடங்கி உடன்பிறந்தாரின் பிணைப்பைப் பேசும் பாட்டு ஒன்று உண்டு. அதனால் ‘திஹுவா’ என்று சேர்த்துச் சொன்னால் படித்த சீனருக்குச் சகோதரர் என்ற பொருள் நெஞ்சில் தட்டும். அதே தொகுப்பில் கோடரிக் காம்பு வெட்டுவதைப் பெண் கேட்டுத் தூது போவதோடு ஒப்பிடும் பாட்டும் இருக்கிறது. காம்பு பிடித்தல் என்றால் இன்றும் இலக்கியச் சீனத்தில் திருமணம் பேசி முடித்தல்.

பெயர் வைத்தவர்கள் முதலில் ஒலியைத்தான் பார்த்திருப்பார்கள். சகோதரப் பொருளையும் கருதியிருக்கலாம். தூதுப் பொருளை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் சொற்கள் தமக்குள் வைத்திருப்பதையெல்லாம் பெயர் வைப்பவரிடம் சொல்லிவிட்டு வருவதில்லை.

1939 தொடக்கத்தில் குழு, சீனக் கம்யூனிஸ்டுகளின் தலைமையிடமான யான்ஆன் சேர்ந்தது. ஐவரில் மூவர் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். பாசுவும் கோட்ணீஸும் தங்கினார்கள். பாசு 1943-இல் திரும்பினார். கோட்ணீஸ் 1940-இல் ஜப்பானியப் படையின் முதுகுக்குப் பின்னால் இருந்த வட சீன எல்லைப் பகுதிக்குப் போனார். அங்கு மருத்துவமனை என்பது கிராமத்து மண்வீடுகள். படை நகர்ந்தால் மருத்துவமனையும் நகரும். ஒரு பெருஞ்சண்டையின்போது 72 மணி நேரம் தூங்காமல் அறுவை செய்தார் என்று பதிவு இருக்கிறது. 1941 ஜனவரியில் பெத்யூன் பன்னாட்டு அமைதி மருத்துவமனைக்கு இயக்குநர் ஆனார். பேச மட்டுமின்றி எழுதவும் சீனம் கற்றார். மாணவர்களுக்கு அறுவை மருத்துவப் பாடநூல் ஒன்று முடித்து, இரண்டாவதைத் தொடங்கினார். பெயரில் உதிர்ந்த எழுத்தர் கையில் திரும்பி வந்திருந்தார்.

காயம்பட்ட வீரர்களும் கிராமத்தாரும் அவரை இரண்டு விதமாகக் கூப்பிட்டார்கள். ஒன்று ‘லாவோ கெ’, நம் வழக்கில் பெரியவர் கெ என்பதுபோல. முப்பது வயது ஆளுக்கு அது மரியாதை. மற்றது ‘ஹெய் மாமா’. நம் தாய்மாமன் இல்லை. சீனத்தில் மாமா என்றால் அம்மா. கறுத்த அம்மா. மீசை மழித்த மராத்திய ஆண்மகனை, அறுவைக் கத்தி பிடித்தவரை, அம்மா என்றழைக்க என்ன காரணம்? கத்தியோடு வேலை முடிந்ததென்று போகாமல் புண் துடைப்பது, ஊட்டுவது, இரவில் விழித்திருப்பது எல்லாவற்றையும் அவர் செய்திருக்க வேண்டும். மருத்துவருக்குக் கிடைக்காத பட்டம் இது, செவிலிக்குக் கிடைப்பது.

செவிலி என்ற சொல்லே தாயில்தான் தொடங்குகிறது. சங்க அகப்பாடல்களில் செவிலி, தலைவியை வளர்த்த தாய். தொல்காப்பியம் தோழியைச் செவிலியின் மகள் என்கிறது. மகள் காதலனோடு பாலை வழியே போய்விட்டால் வழியில் எதிர்ப்படுபவரையெல்லாம் விசாரித்துக்கொண்டு தேடிப் போகிறவள் செவிலி. ஊட்டி வளர்த்தவளைக் குறித்த சொல்லை நோயாளியைப் பேணுபவருக்கு நாம் பிற்காலத்தில் ஏற்றினோம். இலங்கைத் தமிழரின் ‘தாதி’யும் வளர்ப்புத்தாயைக் குறிக்கும் ‘தாத்ரி’யின் வழி வந்ததே. ஆங்கில நர்சும் பாலூட்டுபவளாக இருந்து மருத்துவமனைக்கு வந்தவள்தான். சீனர் மட்டும் வேறு வழியில் போனார்கள். 1914-இல் ஷாங்காயில் செவிலியர் மாநாடு கூடியபோது ஜோங் மாவ்ஃபாங் என்ற பெண், ‘ஹுஷி’ என்றொரு புதுச்சொல்லை முன்வைத்தார். ஹு, காத்தல், ஷி, கற்றறிந்தவர். தாயையும் வேலைக்காரியையும் சொல்லிலிருந்து எடுத்துவிட்டுக் கற்றவரை வைத்தார். அந்தச் சொல் நிலைத்தது.

கற்றவர் என்ற அந்த மதிப்புக்காகப் புணேயிலும் பெண்கள் போராட வேண்டியிருந்தது. 1897 கொள்ளைநோயின்போது ஹடப்சரில் தம் வளர்ப்பு மகன் மருத்துவர் யஷ்வந்தின் சிகிச்சை நிலையத்தில் நோயாளிகளைப் பேணிய சாவித்திரிபாய் புலே, அதே நோய் தொற்றி மார்ச் 10 அன்று இறந்தார். 1909-இல் ரமாபாய் ரானடே புணேயில் தொடங்கிய சேவா சதன், கைம்பெண்களைச் செவிலியப் பயிற்சிக்கு அனுப்பியது. மேல்சாதி வீட்டுக் கைம்பெண் அந்நிய ஆணின் புண்ணைத் தொடுவதா என்று ஊர் கேட்ட காலம். சேவா சதன் அதற்குச் சொன்ன பதில், இன்னும் சில பெண்களை அனுப்பியதுதான்.

குவோ சிங்லான் ஒரு ஹுஷி. 1916-இல் ஷான்சி மாகாணத்து ஃபென்யாங்கில் பிறந்தவர். பெத்யூன் பெயரால் நடந்த மருத்துவப் பள்ளியில் செவிலியப் பாடம் கற்பித்தார். பெத்யூன் 1939 நவம்பரில், அறுவையின்போது விரலில் பட்ட வெட்டு சீழ்பிடித்து இறந்திருந்தார். அடுத்த ஆண்டு அவருடைய கல்லறைத் திறப்பில் குவோ, கோட்ணீஸை முதலில் பார்த்தார். இந்தியர் சீனம் பேசுகிறாரே என்பது ஒரு வியப்பு, எழுதவும் செய்கிறாரே என்பது இன்னொன்று. 1941 இறுதியில் மணம் நடந்தது. சிங் என்றால் கொண்டாட்டம், லான் என்றால் ஆர்க்கிட் மலர். செவிலி தேடிப் போகும் பாலைப் பாட்டில் அவள் எப்போதும் துணைப் பாத்திரம்; இங்கே அவளே தலைவி, அவளே போர்ப்பாலையில் நடந்தவள்.

1942 ஆகஸ்ட் 23 அன்று மகன் பிறந்தான். என்ன பெயர் வைப்பது என்றபோது தளபதி நியே ரோங்ஜென் ‘யின்ஹுவா’ என்றார். யின், இந்தியா. ஹுவா, சீனா. தந்தை பெயரில் நீஸ் இருந்த இடத்தில் வந்து அமர்ந்த ஹுவா, மகன் பெயரிலும் நின்றது. குடும்பப் பெயராக ‘கெ’. கோட்டையின் முதலசை, ஒரு சீனக் குழந்தையின் குடும்பப் பெயர்!

யின் என்ற எழுத்துக்கும் நெடிய வரலாறு உண்டு. இந்தியாவைச் சீனர் முன்பு பல பெயர்களில் எழுதினார்கள். ஏழாம் நூற்றாண்டில் இங்கே சுற்றித் திரும்பிய யுவான் சுவாங், அவற்றை ஒதுக்கிவிட்டு ‘யிந்து’ என்பதே சரி என்று தம் பயணநூலில் எழுதினார். சந்திரனைக் குறிக்கும் ‘இந்து’ என்ற வடசொல்லோடு அதை அவர் பொருத்தினார். சொல்லாராய்ச்சிப்படி அது பிழை. சிந்து நதிதான் மூலம். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அந்தப் பயணத்தில் அவர் காஞ்சிபுரம் வந்தார், பிறகு மகாராஷ்டிரம் போனார். சாளுக்கியப் புலிகேசியின் நாட்டு மக்களின் மானவுணர்வையும் வீரத்தையும் பாராட்டி எழுதினார். காஞ்சியும் மகாராஷ்டிரமும் பார்த்த துறவி உறுதிசெய்த எழுத்து, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழித்து ஒரு மராத்தியரின் பிள்ளைக்குப் பெயராயிற்று.

1942 டிசம்பர் 9 அன்று வலிப்பு நோய் முற்றிக் கோட்ணீஸ் இறந்தார். வயது 32. மணமாகி ஓராண்டு, மகனுக்கு நான்கு மாதம் நிரம்பவில்லை. ஹெபெய் மாகாணத்துத் தாங் மாவட்டத்தில் புதைத்தார்கள். இரண்டாவது பாடநூல் பாதியில் நின்றது.

இந்தியாவுக்கு இந்தப் பெயரைத் திரும்பக் கொண்டுவந்தது சினிமா. கோலாப்பூரில் தோன்றிய பிரபாத் கம்பெனி 1933-இல் புணேக்கு இடம் மாறியிருந்தது. இன்றைய திரைப்படக் கல்லூரி இருப்பது அந்த ஸ்டுடியோ வளாகத்தில்தான். அங்கிருந்து விலகிப் பம்பாயில் ராஜ்கமல் கலாமந்திரைத் தொடங்கிய வி. சாந்தாராம், கே.ஏ. அப்பாஸ் எழுதிய கதையை 1946-இல் ‘டாக்டர் கோட்னிஸ் கீ அமர் கஹானி’ என்று எடுத்தார். தாமே கோட்ணீஸாக நடித்தார். சிங் லானாக அவர் மனைவி ஜெயஸ்ரீ. சீனப் போர்முனை முழுவதும் பம்பாய் ஸ்டுடியோவில் எழுந்தது. பாட்டும் உருக்கமுமாக மிகை கூடிய படம்தான். ஆனாலும் மராத்திக்கு வெளியே கோடிக்கணக்கானோர் இந்தக் குடும்பப் பெயரை உச்சரித்தது அந்தப் படத்தால். ‘ணீ’ தொலைந்ததும் அந்த இந்தித் தலைப்பால் என்றே நினைக்கிறேன். தலைப்பில் குவோவின் பெயர் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மகனின் பெயர் எளிய பெயராக இருக்கவில்லை. அவனுக்கு இருபது வயதானபோது, 1962-இல், யின்னும் ஹுவாவும் இமயத்தில் சுட்டுக்கொண்டன. இரு நாடுகளையும் ஒரே பெயரில் சுமந்த இளைஞன் மருத்துவம் படித்தான். படிப்பு முடியும் தறுவாயில், 1967-இல், தவறான சிகிச்சையால் இறந்தான். தந்தை வழியில் மருத்துவனாக வேண்டியவன் மருத்துவப் பிழையில் போனான். அவனோடு அந்தப் பெயரும் நின்றது.

குவோ சிங்லான் தொடர்ந்தார். மறுமணம் செய்துகொண்டார், தாலியானில் வாழ்ந்தார், கோட்ணீஸுடன் கழித்த நாள்களை நூலாக எழுதினார். இந்தியாவுக்குப் பலமுறை வந்தார். இரு நாட்டுத் தலைவர்கள் சந்திக்கும் விருந்துகளில் அவருக்கு ஓர் இருக்கை இருந்தது; 2006-இல் சீன அதிபர் ஹு ஜின்டாவ் இந்தியா வந்தபோது உடன் வந்தார். இந்தியா வரும் சீனத் தலைவர்கள் கோட்ணீஸ் குடும்பத்தாரைச் சந்திப்பது ஒரு வழக்கமாகவே ஆகியிருக்கிறது. அரசியலுக்கு அது வசதியான படம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் சோலாப்பூர்க் குடும்பம் குவோவை மருமகளாகவே கொண்டாடியது அரசியல் கணக்கில் வராது. 2012 ஜூன் 28 அன்று, 96 வயதில் அவர் இறந்தார்.

சீனாவில் பெயர் வேறு வழியில் வளர்ந்தது. கல்லறை பின்னர் ஷிஜியாஜுவாங் நகரின் தியாகிகள் நினைவிடத்துக்கு மாற்றப்பட்டது. பெத்யூனும் அங்கேயே இருக்கிறார். அதே நகரில் ‘கெ திஹுவா’ பெயரில் ஒரு மருத்துவப் பள்ளி நடக்கிறது. செவிலியப் பயிற்சி பெறும் மாணவிகள் அவருடைய சிலைக்கு முன் நின்று உறுதிமொழி எடுத்துக்கொள்கிறார்கள். ஆளைக் குறித்த பெயர் பள்ளியின் பெயராகி, அங்கே படித்தவர்களின் அடையாளமாகவும் ஆகிவிட்டது. கோட்டைக் கணக்கரின் பட்டமாகத் தொடங்கி, சாதியும் ஊரும் சொல்லும் குடும்பப் பெயராக இறுகி, முடிவில் மகளும் மருமகளுமாகத் தலைமுறைகள் கற்கும் ஒரு தொழிலின் பெயராக விரிந்தது என்று இதன் வரலாற்றைச் சொல்லலாம். வழக்கமாகத் தொழிற்பெயர் குடும்பப் பெயராகும். குடும்பப் பெயர் மறுபடியும் தொழிலுக்குத் திரும்பியதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

புணேயிலிருந்து தமிழ்நாட்டுக்கு ரயிலில் வருகிறவர்கள் பலர் தவுண்டு தாண்டிச் சோலாப்பூர் வழியாக வருகிறார்கள். கோட்ணீஸ் பிறந்த வீட்டை 2012-இல் மாநகராட்சி நினைவகமாகத் திறந்திருக்கிறது. புயிகோட் கோட்டையும் அதே ஊரில்தான். அடுத்த முறை சோலாப்பூரில் இறங்கி இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். வந்து யாருக்கேனும் இதைப் பற்றி எழுதினால், ‘ணீ’ போட்டு எழுதுங்கள். பக்கத்திலேயே குவோ சிங்லான் என்ற பெயரையும் எழுதுங்கள்.